வளைகுடா வாழ்க்கையும் நாட்பட்ட குடல் நோயும்: மருந்து நிற்காமல் பார்த்துக்கொள்வது எப்படி?

தேங்காய்ப்பட்டணம், திருவிதாங்கோடு, தக்கலை, குளச்சல், இடலாக்குடி, ஆளூர் என்று குமரி மாவட்டத்தின் எந்த ஜமாஅத்தை எடுத்துக்கொண்டாலும் வளைகுடாவில் ஆள் இருக்கும் வீடுகள் ஏராளம். அங்கே இருப்பவருக்குச் சர்க்கரை என்றால் வீட்டில் சொல்வார். பிரஷர் என்றாலும் சொல்வார். மலத்தில் ரத்தம் போகிறது, ஒரு நாளைக்கு எட்டு முறை கழிப்பறைக்குப் போகிறேன் என்பதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை. உம்மாவிடம் சொல்லக் கூச்சம், மனைவியிடம் சொன்னால் பயந்துவிடுவாள், கம்பெனியில் சொன்னால் வேலை போய்விடுமோ என்ற அச்சம். மார்க்கச் சட்டம் கேட்பது போல "உளூ நிற்கவில்லை, என்ன செய்வது?" என்று ஆலிம்களிடம் கேட்பார்கள். இரண்டு கேள்வி திருப்பிக் கேட்டால்தான் உள்ளே நோய் இருப்பது தெரியும்.

இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட சகோதரர்களுக்கும் அவர்களின் குடும்பத்தாருக்கும். நான் மருத்துவன் அல்ல. மருந்தின் அளவையும் வகையையும் உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இருப்பவருக்கு மருந்து எந்தெந்தக் காரணங்களால் நின்றுபோகிறது, அதை எப்படித் தடுப்பது என்பதே இங்கே பேச்சு. இந்த நோயில் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அந்த இடைவெளிதான்.

நோய் என்ன?

குடல் அழற்சி நோய் என்ற பெயரில் முக்கியமாக இரண்டு நோய்கள் வரும். ஒன்று அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். இது பெருங்குடலின் உட்சவ்வில் மட்டும் புண் உண்டாக்கும். ஆசனவாயின் பக்கத்தில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும். மற்றொன்று க்ரோன்ஸ் நோய். இது வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம், குடல் சுவரின் முழுக் கனத்தையும் தாக்கும், குடலைச் சுருக்கும், பவுத்திரம் உண்டாக்கும். 1932இல் நியூயார்க் மவுன்ட் சினாய் மருத்துவமனையில் பர்ரில் க்ரோனும் அவருடைய சகாக்கள் இருவரும் இதை விவரித்ததால் அந்தப் பெயர். உடலின் எதிர்ப்பு சக்தி தன் குடலையே தாக்குவதால் வரும் நோய்கள் இவை. தொற்று நோய்கள் அல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒரே அறையில் தூங்கினாலும் பரவாது.

டென்ஷனால் வயிறு கலங்கும் ஐ.பி.எஸ். என்பது வேறு. அதில் குடலில் புண் இருக்காது, ரத்தம் போகாது, பொதுவாகத் தூக்கத்தில் எழுப்பாது. ஐ.பி.டி. என்று சீட்டில் எழுதியிருந்தால் அது இந்த அழற்சி நோய். ஓரெழுத்து மாறினால் சிகிச்சையே மாறிவிடும், கவனியுங்கள்.

வெள்ளைக்காரர்களின் நோய் என்று ஒரு காலத்தில் இதைச் சொன்னார்கள். பஞ்சாபில் வீடு வீடாக நடத்திய ஆய்வு ஒன்று 2003இல் வெளியானபோது, ஒரு லட்சம் பேரில் சுமார் 44 பேருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருப்பது தெரிந்தது. இங்கிலாந்தின் லெஸ்டர் பகுதியில் குடியேறிய தெற்காசிய மக்களிடம் இந்த நோய் அங்குள்ள ஐரோப்பியர்களைவிடக் கூடுதலாக இருப்பதை 1990களின் ஆய்வுகள் காட்டின. ஊர் மாறி, சாப்பாடு மாறி, வாழ்க்கை முறை மாறும்போது இது கூடுகிறது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். ஆனால் எந்த ஒரு பொருளைத் தின்றதால் வந்தது என்று விரல் நீட்ட முடியாது. "கண்டதையும் தின்றாய், அதனால் வந்தது" என்று பிள்ளையைத் திட்டுவதில் பயனில்லை.

பெரும்பாலும் 15க்கும் 35க்கும் இடைப்பட்ட வயதில்தான் தொடங்குகிறது. நம் பிள்ளைகள் விமானம் ஏறும் வயதும் அதுதான்.

மூலம் என்று நினைத்துக் கடத்தும் மாதங்கள்

பஸ் நிலையச் சுவர்களில் "மூலம், பவுத்திரம்" என்று ஒட்டியிருக்கும் விளம்பரங்களைப் பார்க்காதவர் யார்? ரத்தம் போனால் மூலம், சூடு, கோழி தின்றது என்ற முடிவுக்கு நாமே வந்துவிடுகிறோம். மூலத்தில் பொதுவாக மலத்தின் மேல் அல்லது கடைசியில் சொட்டாக ரத்தம் வரும். மலம் இறுகியிருக்கும். குடல் அழற்சியில் ரத்தமும் சளியும் மலத்தோடு கலந்து வரும், அவசரமாகப் போகத் தோன்றும், போய் வந்தபின்னும் மீதி இருப்பது போலிருக்கும், நடு இரவில் எழுப்பும், எடை குறையும். சிலருக்கு மூட்டு வலி, கண் சிவப்பு, வாய்ப் புண் கூட இருக்கும்.

பவுத்திரம் திரும்பத் திரும்ப வந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அது க்ரோன்ஸ் நோயின் முதல் அடையாளமாக இருக்கலாம். குடலைப் பரிசோதிக்காமல் வெறும் பவுத்திரத்தை மட்டும் அறுத்தால் புண் ஆறாமல் இழுத்துக்கொண்டே போகும்.

வளைகுடாவில் வேறொரு வழக்கம். வயிற்றுப்போக்கு என்று போனால் கிளினிக்கில் அமீபா என்று மெட்ரோனிடசோல் எழுதிக் கொடுப்பார்கள். ஒரு முறை சரி. ஒரு மாதத்துக்கு மேல் விட்டு விட்டு வந்தாலோ, மூன்றாவது முறையும் அதே மாத்திரையை எழுதினாலோ, குடல் நோய் நிபுணரிடம் கொலனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். மலத்தில் கால்புரோடெக்டின் என்ற பரிசோதனை உண்டு. குடலில் அழற்சி இருக்கிறதா என்பதை ஓரளவு காட்டிவிடும். கொலனோஸ்கோபிக்குப் பயப்படுகிறவர்கள் முதலில் இதையாவது செய்யலாம்.

காசநோயா, க்ரோன்ஸா?

நம் நாட்டில் இந்த நோயாளிகள் சந்திக்கும் சிக்கல் ஒன்று உண்டு. குடல் காசநோயும் க்ரோன்ஸ் நோயும் கொலனோஸ்கோபியிலும் ஸ்கேனிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி தெரியும். சதைப் பரிசோதனையிலும் சில நேரம் பிரித்தறிய முடியாது. அதனால் மருத்துவர்கள் முதலில் காசநோய் மருந்து கொடுத்து, சில மாதம் கழித்து மறுபடி கொலனோஸ்கோபி செய்து புண் ஆறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆறினால் காசநோய், ஆறாவிட்டால் பெரும்பாலும் க்ரோன்ஸ். காசநோய் இருக்கும்போது எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து என்பதால்தான் இந்த வரிசை. "ஆறு மாதம் வேண்டாத மருந்து கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள்" என்று மருத்துவர் மேல் கோபப்படுகிறவர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

விசா இருக்கிறவருக்கு இந்த இடத்தில் பெரிய பயம் வரும். முன்பு கம்கா என்றும் இப்போது வாஃபித் என்றும் சொல்லப்படும் வளைகுடா மருத்துவச் சோதனையில் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து நுரையீரல் காசநோய் பார்க்கிறார்கள். குடல் காசநோய் என்று சீட்டில் எழுதிய நாளிலிருந்து சிலர் அந்தச் சீட்டையே கிழித்துப்போட்டுவிட்டு, மருந்தை நிறுத்திவிட்டு விமானம் ஏறுகிறார்கள். இதைவிட மோசமான முடிவு வேறில்லை. பாதியில் விட்ட காசநோய் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக மாறலாம். அரசு மருத்துவமனைகளில் இந்த மருந்து இலவசம். நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியிலும் கிடைக்கும். அந்தக் காலத்தை ஊரிலேயே முடித்துவிட்டு, முடிவு தெரிந்தபின் பயணத்தைப் பற்றி யோசிப்பதே நல்லது.

மருந்து எங்கே நிற்கிறது?

முதல் இடம், உடம்பு நன்றாக இருக்கும்போது. இந்த நோய் வந்து போகும் தன்மை உடையது. மருந்து எடுத்து மூன்று மாதத்தில் ரத்தம் நின்றுவிடும், எடை கூடும். குணமாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவார்கள். உண்மையில் நோய் அடங்கியிருக்கிறதே தவிர, போகவில்லை. மெசலமின், அசதயோபிரின் போன்றவை நோயை அடக்கி வைக்கும் மருந்துகள். நன்றாக இருக்கும்போது தொடர்ந்து எடுப்பதற்காகவே அவை இருக்கின்றன. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு இதற்கு நேர்மாறு. சீற்றத்தை அணைக்கச் சில வாரம் மட்டும் கொடுத்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது. நம் ஆட்களில் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். தொடர வேண்டியதை விட்டுவிட்டு, பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் ஸ்டீராய்டை மட்டும் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அது உடனே கேட்கும், அதனால்தான் ஆசை. மாதக்கணக்கில் போனால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், கண்புரை வரும். நீண்ட நாள் எடுத்ததைத் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து.

ஜப்பானில் நீண்ட காலம் பிரதமராக இருந்த ஷின்சோ அபேக்கு இளம் வயதிலிருந்தே அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருந்தது. 2007இல் அதனால்தான் பதவி விலகினார். 2009இல் அந்நாட்டில் புதிய வகை மெசலமின் மாத்திரை வந்தது. அது தனக்கு நன்கு கேட்டதாக அவரே சொன்னார். 2012இல் மறுபடி பிரதமரானார், ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் நாட்டை நடத்தினார். 2020இல் நோய் திரும்பியபோது மறுபடி விலகினார். மருந்தோடு இருந்தால் ஒருவர் எவ்வளவு வேலை செய்ய முடியும் என்பதற்கும், நோய் முற்றிலும் போய்விடுவதில்லை என்பதற்கும் இதுவே போதுமான சான்று.

இரண்டாவது இடம் பெயர்க் குழப்பம். ஊர் மருத்துவர் எழுதும் கம்பெனிப் பெயர் துபாய் மருந்துக் கடைக்காரருக்குத் தெரியாது. "அந்த மருந்து இங்கே கிடைக்கவில்லை" என்று பலர் நிறுத்துவது இதனால்தான். இந்தியாவில் மெசலமின் என்பதும் வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் மெசலசின் என்பதும் ஒரே மருந்து. சீட்டில் மூலப் பெயரையும், மில்லிகிராமையும், மெதுவாகக் கரையும் வகையா என்பதையும் ஆங்கிலத்தில் டைப் செய்து, மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண்ணோடு வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனி மாறினால் மாத்திரை குடலில் கரையும் இடமும் மாறலாம் என்பதால் அங்குள்ள மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு மாற்றுங்கள்.

மூன்றாவது பணம். அபுதாபி, துபாயில் மருத்துவக் காப்பீடு முன்பே கட்டாயம். ஷார்ஜா, அஜ்மான் முதலிய வடக்கு எமிரேட்டுகளில் தனியார் துறைத் தொழிலாளர்களுக்கு 2025 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் அட்டை இருக்கிறது என்பதும் மருந்து கிடைக்கிறது என்பதும் ஒன்றல்ல. குறைந்த விலைத் திட்டங்களில் ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் மருந்துதான் என்ற உச்சவரம்பு இருக்கும், சில திட்டங்களில் முன்பே இருந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் இருக்கும். வேலை மாறும்போது பழைய அட்டை முடிந்து புதியது வரும் வரை உள்ள வாரங்களுக்கு மருந்தைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். காப்பீட்டுப் படிவத்தில் இருக்கிற நோயை மறைக்காதீர்கள். பிறகு பெரிய செலவு வரும்போது அதையே காரணம் காட்டி மறுப்பார்கள். மறைப்பது பொய்யும்கூட.

இ.சி.ஆர். கடவுச்சீட்டில் போகிறவர்களுக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்து மரணம், நிரந்தர ஊனத்துக்கு 10 லட்சம் என்பது பலருக்குத் தெரியும். வேலைக் காலத்தில் வரும் காயம், நோய்க்கான மருத்துவமனைச் செலவுக்கு 1 லட்சம் வரை உண்டு என்பதை அறிந்தவர் குறைவு. ஏஜென்ட் கையில் விட்டுவிடாமல் அந்தக் காகிதத்தின் நகலை வீட்டில் வையுங்கள்.

ஊசி மருந்துகள் பற்றி ஒரு வார்த்தை. அடாலிமுமாப் போன்ற உயிரியல் மருந்துகள் விலை உயர்ந்தவை. 2014 டிசம்பரில் இந்திய நிறுவனம் ஒன்று அதன் ஒத்த மருந்தை முதலில் கொண்டுவந்தபின் இங்கே விலை குறைந்தது. வளைகுடா விலையோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஊரிலிருந்து கொண்டுபோவதா என்பதை மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள். தொடங்கும் முன் காசநோய், ஹெபடைட்டிஸ் பி சோதனைகள் அவசியம். இந்த ஊசியை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும், உறையவும் கூடாது. ஆகவே விமானத்தில் லக்கேஜில் போடாமல் கையில், ஐஸ் பொதியோடு, மருத்துவர் கடிதத்தோடு கொண்டுபோக வேண்டும். எட்டுப் பேர் இருக்கும் அறையில் ஒரே ஃபிரிட்ஜ் என்றால் மூடியுள்ள டப்பாவில் பெயர் எழுதி வையுங்கள்.

நான்காவது இடத்தைப் பற்றி ஆலிம் என்ற முறையில் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தேனும் கருஞ்சீரகமும் இருக்கும்போது இந்த ரசாயனம் எதற்கு என்று மருந்தை விடுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். வயிற்றுப்போக்கால் அவதிப்பட்ட ஒருவருக்குத் தேன் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அதை நாம் ஈமான் கொள்கிறோம். ஆனால் நம் முன்னோர்களான அறிஞர்கள் அதை எப்படி விளங்கினார்கள் என்றும் பார்க்க வேண்டும். இப்னுல் கய்யிம் தம் ஸாதுல் மஆத் நூலில் அந்த மனிதரின் வயிற்றுப்போக்கு எந்த வகை, அதற்குத் தேன் ஏன் பொருத்தம் என்று மருத்துவ ரீதியாகவே விளக்குகிறார்கள். கருஞ்சீரகம் பற்றிய ஹதீஸின் பொதுவான சொல் எல்லா நோய்க்கும் எல்லா ஆளுக்கும் என்ற பொருளில் இல்லை என்று கத்தாபி சொன்னதை இப்னு ஹஜர் ஃபத்ஹுல் பாரியில் எடுத்தெழுதுகிறார்கள். உபை பின் கஅப் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் மருத்துவரை அனுப்பிய செய்தியும் முஸ்லிமில் இருக்கிறது. தேன் சாப்பிடுங்கள், அல்ஹம்துலில்லாஹ். அதற்காக அசதயோபிரினை நிறுத்த மார்க்கம் சொல்லவில்லை. பெயர் தெரியாத பொடிகளை மட்டும் தொடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டதுண்டு.

கேப்சூல் ஓட்டில் ஜெலட்டின் இருக்கிறது, ஹராம் ஆகிவிடுமோ என்று நிறுத்துகிறவர்களும் உண்டு. மெசலமின் மாத்திரையாகவும் குருணையாகவும் கிடைக்கிறது, மாற்றித் தரச் சொல்லலாம். மாற்று இல்லாத இடத்தில், ஜெலட்டின் தன் மூலத் தன்மையை இழந்து வேறு பொருளாகிவிடுகிறது என்ற அடிப்படையில் 1995இல் குவைத்தில் கூடிய இஸ்லாமிய மருத்துவ அறிவியல் அமைப்பின் கருத்தரங்கு அனுமதி சொன்னது. இதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆனால் நிர்ப்பந்தம் உள்ள நோயாளிக்கு நெருக்கடி இல்லை.

பெட்டியில் வைப்பதும் வைக்கக் கூடாததும்

வயிற்றுக்கு நல்லது என்று உம்மா கசகசாவை மடித்து வைப்பார். ஐக்கிய அரபு அமீரகம், சவூதி, கத்தார் போன்ற நாடுகளில் அது போதைப் பொருள் பட்டியலில் சேரும். மசாலாவில் கலந்திருந்தாலும் வழக்கு வரலாம். கொடீன், ட்ராமடால் உள்ள வலி மாத்திரைகளும், வயிற்றுப்போக்கை நிறுத்தத் தரப்படும் டைஃபெனாக்சிலேட்டும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. இவை தேவை என்றால் அமீரகத்தில் முன் அனுமதி பெற வேண்டும். மற்ற மருந்துகளுக்கும் எவ்வளவு கொண்டுபோகலாம் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும், அவ்வப்போது மாறும். பயணத்துக்கு முன் அந்தந்த நாட்டு இணையதளத்தில் பாருங்கள். மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள். பில், சீட்டு, அட்டை மூன்றும் ஒரே பெயரில் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஊரிலிருந்து போகிற இன்னொருவர் கையில் மருந்து கொடுத்தனுப்பும் வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. திருவனந்தபுரத்தில் ஏறும்போது எதுவும் நடக்காது. அங்கே இறங்கும்போது தன் பெயரில் இல்லாத மருந்துக்கு அந்த ஆள் பதில் சொல்ல வேண்டிவரும். மாட்டிக்கொள்வது அவர்தான்.

வலி மாத்திரைகளைப் பற்றியும் ஒன்று. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை அடங்கிய குடல் நோயைக் கிளப்பிவிடலாம். உடல் வலி, காய்ச்சலுக்கு அளவோடு பாரசிட்டமால் போதும். கேம்ப்பில் யாராவது தரும் வலி மாத்திரையை வாங்கி விழுங்குவது நம் ஆட்களின் பழக்கம்.

விடுப்பில் வரும்போது

நாற்பத்தைந்து நாள் விடுப்பில் முதல் முப்பது நாள் கல்யாணம், வீடு, விருந்து என்று போய்விடும். கடைசி வாரம் மருத்துவரைப் பார்க்கப் போவார்கள். சதைப் பரிசோதனை முடிவு வருமுன் டிக்கெட் தேதி வந்துவிடும். வந்த முதல் வாரத்திலேயே மருத்துவரைப் பாருங்கள். அசதயோபிரின் எடுப்பவர்கள் ரத்த அணுக்களையும் கல்லீரலையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். இந்தியர் உள்ளிட்ட ஆசிய மக்களில் சிலருக்கு மரபணு காரணமாக இந்த மருந்தில் வெள்ளை அணுக்கள் வேகமாகக் குறையும். அதனால் தொடங்கிய முதல் சில வாரங்களில் அடிக்கடி ரத்தம் சோதிக்காமல் விமானம் ஏறக் கூடாது. யூரிக் அமிலத்துக்கு அலோபுரினால் எடுத்தால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து. பெருங்குடல் முழுதும் நோய் உள்ளவர்கள் எட்டு ஆண்டுக்குப் பின் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கக் குறிப்பிட்ட இடைவெளியில் கொலனோஸ்கோபி செய்ய வேண்டும். விடுப்பை அதற்கேற்பத் திட்டமிடலாம்.

வெயிலும் சாப்பாடும்

அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். சவூதியில் அதே நாட்களில் 12 முதல் 3 வரை. பேதியால் ஏற்கெனவே நீர் இழக்கும் உடம்புக்கு இது கௌரவப் பிரச்சினை ஆகக் கூடாது. கேட்டுப் பெறுங்கள். ஒரு லிட்டர் கொதித்தாறிய தண்ணீரில் சமமாக வழித்த ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் போட்டால் உப்புச் சர்க்கரைக் கரைசல் ரெடி. எனர்ஜி டிரிங்க் அதற்கு மாற்றல்ல.

நோயைக் குணமாக்கும் உணவு என்று ஒன்று கிடையாது. சீற்றத்தின்போது நார் குறைந்த, எண்ணெய் குறைந்த உணவு தாங்கும். குழைந்த சோறு, கஞ்சி, மசித்த கிழங்கு, தோல் நீக்கிய கோழி, அவித்த மீன், பழுத்த வாழைப்பழம். நம் ஊர் மட்டிப் பழம் இதற்கு நன்றாகப் பொருந்தும். அது கிடைக்காத இடத்தில் எந்தப் பழுத்த வாழையும் போதும். பாலும் பச்சைமிளகாயும் ஒத்துக்கொள்ளாதவர்கள் விடலாம். எல்லாவற்றையும் விட்டுவிட்டு மெலிந்துபோவது தவறு. குடல் சுருங்கியுள்ள க்ரோன்ஸ் நோயாளிக்கு நார் அடைத்துக்கொள்ளும். அவருக்கு மருத்துவர் சொன்ன பட்டியல்தான்.

நோன்பும் தொழுகையும்

நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்கும் சலுகையை அல்பகரா அத்தியாயத்தின் 185ஆம் வசனம் தெளிவாகத் தந்திருக்கிறது. நோய் சீறியிருக்கும்போது நோன்பு வைப்பது வீரம் இல்லை. நீர் வற்றிச் சிறுநீரகம் பாதிக்கலாம், ரத்தக் கட்டி வரலாம். அடங்கியிருக்கும்போது மருத்துவர் அனுமதித்தால் நோற்கலாம். ரமளானுக்கு ஒரு மாதம் முன்பே அவரைப் பார்த்து மருந்து நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அடக்கி வைக்கும் மெசலமினை ஒரே வேளையாக எடுக்கலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பிரெட்னிசலோனை சஹரில் உணவுக்குப் பின் எடுக்கலாமா என்று கேளுங்கள். விட்ட நோன்புகளைக் குளிர்காலக் குறுகிய பகல்களில் களா செய்யலாம். இனி எந்நாளும் நோற்கக் கூடாது என்று நம்பகமான மருத்துவர் சொல்லிவிட்டால் ஃபித்யா.

ஆசனவாய் வழியாக வைக்கும் மருந்தும் எனிமாவும் ஷாஃபி, ஹனஃபி இரு மத்ஹபிலும் நோன்பை முறிக்கும். மெசலமின் எனிமாவைத் தூங்கும் முன் வைப்பதே வழக்கம் என்பதால் ரமளானிலும் சிக்கல் இல்லை. ஊட்டச்சத்து அல்லாத ஊசிகள் முறிக்காது என்று ஜித்தாவின் சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 1997இல் முடிவு சொன்னது. தோலுக்கடியில் போடும் அடாலிமுமாப் அதில் அடங்கும்.

அடக்க முடியாமல் மலம் கசிகிறவர் ஷாஃபி மத்ஹபில், தொழுகை நேரம் வந்தபின் சுத்தம் செய்து, பஞ்சோ பேடோ வைத்து, உளூ செய்து தாமதிக்காமல் அந்த ஃபர்ளையும் விரும்பிய சுன்னத்துகளையும் தொழலாம். அடுத்த ஃபர்ளுக்குப் புது உளூ. ஹனஃபி மத்ஹபில், ஒரு தொழுகையின் முழு நேரத்திலும் உளூ செய்து தொழும் அளவு இடைவெளி கிடைக்காதவர் தங்கடமுடையவர் ஆகிறார். அந்நேரம் முடியும் வரை அவருக்கு ஓர் உளூ போதும். நோய்க்காக இரு தொழுகைகளைச் சேர்ப்பதை ஷாஃபி மத்ஹபின் பிரபலக் கருத்து ஏற்பதில்லை, ஆனால் அதற்கான ஆதாரம் வலுவானது என்பது இமாம் நவவியின் தேர்வு. அறுவை செய்து வயிற்றில் பை வைத்தவர்களுக்கும் இதே சட்டம்தான். ஜும்ஆவில் வாசனை வருமோ என்று கூசுகிறவர் வீட்டில் லுஹர் தொழலாம். குற்றவாளி போல ஒதுங்க வேண்டியதில்லை.

ஹஜ், உம்ரா போகிறவர்கள் தடுப்பூசி முகாமில் தாங்கள் எடுக்கும் மருந்தைச் சொல்ல வேண்டும். மூளைக்காய்ச்சல் தடுப்பூசி உயிரற்றது, போடலாம். போலியோ சொட்டு மருந்து உயிருள்ள கிருமியால் ஆனது. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தில் இருப்பவர் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது.

காத்திருக்கக் கூடாத நேரம்

ஒரு நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போவது, அதோடு காய்ச்சல் அல்லது நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 90க்கு மேல். இதைக் கடுமையான தாக்குதல் என்று 1955இல் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்கள் ட்ரூலவ்வும் விட்ஸும் வகுத்தார்கள், இன்றும் அதுவே அளவுகோல். வயிறு உப்பி வலிப்பது, வாந்தியோடு காற்றும் பிரியாமல் நிற்பது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத் திணறல், இவையும் அவசரம். அந்த நிலையில் பேதியை நிறுத்தும் லோபெரமைடு போடக் கூடாது, குடல் ஊதி வெடிக்கலாம். டிக்கெட் எடுத்து ஊருக்கு ஓடிவரவும் கூடாது. இருக்கும் நாட்டிலேயே மருத்துவமனையில் சேருங்கள். நோயோடு நாலு மணி நேரம் விமானத்தில் இருந்து, திருவனந்தபுரத்தில் இறங்கி, ரோட்டில் இன்னும் இரண்டு மணி நேரம் வந்து சேருவதற்குள் நிலைமை கைமீறலாம்.

கல்யாணமும் பிள்ளைகளும்

பெண் பார்க்கும்போது இந்த நோயை மறைக்கிறார்கள். பிறகு மாத்திரைகளைக் குளியலறையில் ஒளித்து வைத்து, ஒளிக்க முடியாத நாளில் நிறுத்துகிறார்கள். மருந்து நிற்கும் இடங்களில் இதுவும் ஒன்று. நிக்காஹுக்கு முன்பே சொல்லிவிடுவது மார்க்கக் கடமை. சொல்வதற்கு வசதியான உண்மைகளும் இருக்கின்றன. இது தொற்றாது. தாய்க்கோ தந்தைக்கோ இருந்தாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. சல்ஃபசலசின் மாத்திரை ஆண்களின் விந்தணுக்களைக் குறைக்கும், மாற்றினால் சில மாதத்தில் சரியாகும். குழந்தை தாமதமாகிறவர்கள் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள். கர்ப்பம் தரித்தவுடன் பயந்து எல்லா மருந்தையும் நிறுத்தும் பெண்கள்தான் அதிகம் கஷ்டப்படுகிறார்கள். மெசலமினையும் அசதயோபிரினையும் பொதுவாகத் தொடரச் சொல்வார்கள். மெதோட்ரெக்சேட்டை மட்டும் கருத்தரிக்கச் சில மாதம் முன்பே நிறுத்தியாக வேண்டும். நோய் அடங்கியிருக்கும் காலத்தில் கருத்தரித்தால் பிரசவமும் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும், இன்ஷா அல்லாஹ்.